நம் வீட்டை விற்க நாமே போதும்

ஈப்போவுக்குப் பக்கத்தில் உள்ள லகாட்டில் ஒருவர் வீட்டை விற்கப் போகிறேன் என்று வாய் திறந்தால், அடுத்த நிமிடமே வருகிற கேள்வி “எந்த ஏஜென்டிடம் கொடுத்திருக்கிறீர்கள்?” என்பதுதான். “யாரிடமும் கொடுக்கவில்லை, நானே விற்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். உறவுக்காரர்கள் பதறிப் போவார்கள். லோயர் தகராறு வரும், பேங்க் தகராறு வரும், எவனாவது கொஞ்சம் முன்பணத்தைக் காட்டி கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, வாங்கிக்கொண்டு போய்விடுவான், படித்தவர்களே ஏமாறுகிற காலத்தில் உனக்கு எதற்கு இந்த வேலை என்பார்கள். மெங்லெம்பு, லகாட், பூசிங் வட்டாரத்துத் தாமான்களில் குடியிருக்கும் நம் மக்களிடையே இது கேள்வி கேட்கவே கூடாத வழக்கமாக வேரூன்றிவிட்டது.

இந்த வழக்கம் தவறு என்பதே என் வாதம். பெயர் தெளிவாக இருக்கிற கிராண்ட் கையில் இருந்து, அதே ஊரில் வசித்துக்கொண்டு, அவசரமில்லாமல் வீட்டை விற்கிற குடும்பத்துக்கு ஏஜென்ட் தேவையில்லை. அவர்களுக்குத் தேவைப்படுவது ஒரு நல்ல லோயரும், ஊர் விலையைப் பற்றிய அறிவும், கொஞ்சம் பொறுமையும்தான். ஏஜென்ட் இல்லாமல் முடியாது என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, சட்டமே அப்படித்தான் சொல்கிறது என்ற நம்பிக்கை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மலேசியாவில் சொத்து முகவர் தொழிலைக் கட்டுப்படுத்துவது 1981ஆம் ஆண்டின் 242ஆவது சட்டம். கட்டணம் வாங்கிக்கொண்டு பிறருடைய சொத்தை விற்றுக் கொடுப்பவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தன் பெயரில் இருக்கும் வீட்டைத் தானே விற்பவரை அந்தச் சட்டம் தொடுவதே இல்லை. அது கண்டிப்பது வேறு ஒரு கூட்டத்தை. பதிவு இல்லாமல், ஒட்டுக்கடையில் உட்கார்ந்து, “அண்ணே, எனக்குத் தெரிந்த பார்ட்டி இருக்கு, முடிச்சுக் கொடுத்தா ரெண்டு பர்சன்ட் கொடுங்க” என்று கேட்கிற புரோக்கர்களை. பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் 300,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. நம் ஊரில் “ஏஜென்டிடம் கொடுத்துவிட்டேன்” என்று நிம்மதியாக இருப்பவர்களில் பலர் வீட்டைக் கொடுத்திருப்பது இப்படிப்பட்ட ஆளிடம்தான். பாதுகாப்புக்காகத்தான் ஏஜென்ட் என்றால், அவருடைய பதிவு எண்ணையாவது கேட்டிருக்க வேண்டும். முகவரானாலும் அவருக்குக் கீழே வேலை செய்யும் நிகோஷியேட்டரானாலும் அந்தச் சட்டப்படி அமைந்த வாரியம் கொடுத்த எண் இருக்கும். அதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், தாமே விற்பது ஆபத்து என்று பேசுவதில் பொருளில்லை.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. விலையில் 3 சதவீதம் என்பது அரசாங்கம் விதித்த கட்டணம், குறைக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். 3 சதவீதம் என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் கேட்கக் கூடாது என்பதுதான் விதி. லகாட்டில் 250,000 வெள்ளிக்கு ஒரு மாடி வரிசை வீட்டை விற்கிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள். 3 சதவீதம் 7,500 வெள்ளி. சேவை வரிக்குப் பதிவு பெற்ற நிறுவனமானால், 2024 மார்ச் முதல் நடப்பில் உள்ள 8 சதவீத வரி அதன் மேல் 600 வெள்ளி. மொத்தம் 8,100. இது வீட்டின் விலையில் 3 சதவீதம்தானே என்று ஆறுதல் சொல்வார்கள். ஆனால் அந்த வீட்டின் மீது இன்னும் 150,000 வெள்ளி கடன் பாக்கி இருந்தால், விற்று முடிந்ததும் உங்கள் கைக்கு வருவது 100,000. அதில் 8,100 என்பது நூற்றுக்கு எட்டு வெள்ளி. கட்டணம் கணக்கிடப்படுவது பேங்குக்குப் போகும் பணத்தையும் சேர்த்து. அது கழிவதோ உங்கள் பங்கிலிருந்து மட்டும். பல ஆண்டு தவணை கட்டிச் சேர்த்த பங்கு அது.

இரண்டாவது காரணம் எல்லாரும் சொல்வது: ஏஜென்ட் இருந்தால் கூடுதல் விலை கிடைக்கும், அந்தக் கூடுதலிலேயே அவர் கட்டணம் கழிந்துவிடும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் ஒரு சாதாரண வீட்டின் விலைக்கு மேல்வரம்பு போடுவது வாங்குபவருடைய பேங்கும் அதன் மதிப்பீட்டாளரும்தான். முதல் வீடோ இரண்டாவது வீடோ வாங்குபவருக்கு பேங்க் பெரும்பாலும் 90 சதவீதம் வரை கடன் கொடுக்கும். எதில் 90 சதவீதம்? பேசிய விலை, மதிப்பீட்டாளர் சொன்ன மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதில். 250,000 வெள்ளி மதிப்புள்ள வீட்டை ஏஜென்ட் சாமர்த்தியமாகப் பேசி 270,000க்கு முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் கொடுப்பது 225,000தான். வாங்குபவர் 27,000க்குப் பதிலாக 45,000 வெள்ளி ரொக்கமாகக் கொண்டுவர வேண்டும். லகாட்டில் வீடு தேடி வருகிற இளம் தம்பதிகளில் எத்தனை பேரிடம் அந்தப் பணம் இருக்கிறது? பேச்சுத் திறமை எவ்வளவு இருந்தாலும் மதிப்பீட்டு அறிக்கையைத் தாண்டி வெகுதூரம் போக முடியாது.

அந்த மதிப்பு ஏஜென்டுக்கு மட்டும் தெரிந்த ரகசியமும் இல்லை. மதிப்பீட்டு, சொத்துச் சேவைத் துறையின் கீழ் இயங்கும் தேசியச் சொத்துத் தகவல் மையம், நடந்து முடிந்த விற்பனைகளின் விவரங்களை வெளியிடுகிறது. உங்கள் தாமானில், உங்கள் மாதிரி வீடு, உண்மையில் எவ்வளவுக்குக் கைமாறியது என்பதை அங்கே பார்க்கலாம். விளம்பரத்தில் கேட்கிற விலை ஆசை. முத்திரை வரி கட்டிப் பதிவான விலைதான் உண்மை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் விலை நிர்ணயத்தில் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு, அக்கம்பக்கத்தில் சமீபத்தில் விற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். நம் ஊரில் யாரும் மறைக்க மாட்டார்கள்.

ஏஜென்டின் அக்கறை உங்கள் அக்கறையோடு எவ்வளவு தூரம் சேர்ந்து வரும் என்பதையும் கணக்காகவே பார்க்கலாம். இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் 10,000 வெள்ளி கூடுதலாகக் கிடைக்கும் என்ற நிலை வருகிறது. பொறுத்திருந்தால் உங்களுக்கு 9,700 வெள்ளி லாபம். ஏஜென்டுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 300 வெள்ளி, அதையும் நிறுவனத்தோடு பங்கு போட வேண்டும். அந்த 300க்காக அவர் ஒரு மாதம் அலைவாரா, அல்லது “இப்போ மார்க்கெட் டல், வந்த விலைக்குக் கொடுத்துடுங்க” என்பாரா? அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கட்டணத்தின் அமைப்பே அவரை அந்தப் பக்கம் தள்ளுகிறது. அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட்டும் சாட் சைவர்சனும் சிகாகோவின் புறநகர்களில் நடந்த ஏறக்குறைய 100,000 விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏஜென்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்றபோது, வாடிக்கையாளர் வீட்டைக் காட்டிலும் சராசரியாக 9.5 நாள் அதிகம் காத்திருந்து, 3.7 சதவீதம் கூடுதல் விலைக்கு விற்றிருந்தார்கள். தன் வீடு என்று வந்தால் பொறுமை தானாக வருகிறது. அந்தப் பொறுமை வீட்டுக்காரராகிய உங்களுக்கு இயல்பாகவே இருக்கிறது.

விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் நடந்த ஆய்வு இன்னும் நேரடியானது. அங்கே சொந்தக்காரர்களே விற்கும் இணையத் தளம் ஒன்று வெற்றிகரமாக நடந்தது. ஏஜென்ட் வழியாக விற்ற வீடுகளையும் சொந்தமாக விற்ற வீடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் 2009இல் சொன்ன முடிவு: ஏஜென்ட் வழியாகப் போனதால் விலை கூடவில்லை. ஆனால் சொந்தமாக விற்றவர்களுக்குக் கூடுதல் நாள் பிடித்தது, சிலர் கடைசியில் ஏஜென்டிடமே போனார்கள். இந்த இரண்டாம் பாதியையும் நான் மறைக்கவில்லை. ஏஜென்ட் விற்பது வேகத்தை, விலையை அல்ல. வேகம் தேவைப்படாதவர் அதற்கு ஏன் 8,100 வெள்ளி கொடுக்க வேண்டும்?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கே போனது. 5, 6 சதவீதக் கட்டணத்தை வழக்கம் என்ற பெயரில் சுமந்துவந்த வீட்டு விற்பனையாளர்கள் தொடுத்த வழக்கில், 2023 அக்டோபரில் கான்சஸ் சிட்டி ஜூரிகள் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மார்ச் மாதம் தேசிய முகவர்கள் சங்கம் 418 மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசத்துக்கு வந்தது. உலகம் முழுக்க இந்தக் கட்டணத்தை மக்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், நாம் மட்டும் அதைத் தலைவிதி போல ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது காரணம்தான் நம் மக்களை உண்மையில் அசைப்பது: பேப்பர் வேலை. ஏஜென்ட் இருந்தால் எல்லா பேப்பரையும் அவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம். எந்த பேப்பரை? விற்பனை ஒப்பந்தத்தை எழுதுவது லோயர். உங்கள் பேங்கிலிருந்து கடன் பாக்கிக் கணக்கை வாங்கி, கடனைத் தீர்த்து, அடமானத்தை விடுவிக்கும் வேலையை நடத்துவது லோயர். 14ஏ பாரத்தில் பெயர் மாற்றி, முத்திரை வரி கட்டி, நில அலுவலகத்தில் பதிவது லோயர். சொத்து ஆதாய வரிக்கான படிவங்களையும் பெரும்பாலும் லோயர் அலுவலகமே அனுப்பிவைக்கிறது. நீங்கள் மலேசியக் குடிமகனாக இருந்து, வீடு வாங்கி ஐந்து ஆண்டு கடந்து ஆறாவது ஆண்டிலோ அதற்குப் பிறகோ விற்றால், 2022 முதல் அந்த வரியும் இல்லை. படிவத்தை மட்டும் 60 நாளுக்குள் அனுப்பினால் போதும். ஏஜென்டின் வேலை வாங்குபவரைக் கண்டுபிடித்து, விலை பேசி, லோயர் வாசலில் கொண்டுபோய் விடுவதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நம்மை அச்சுறுத்தும் காரியங்கள் அந்த வாசலுக்கு உள்ளேதான் தொடங்குகின்றன.

இதில் என்னை மிகவும் வருத்துகிற ஒன்று இருக்கிறது. ஏஜென்டுக்கு 7,500 வெள்ளி கொடுக்கத் தயங்காத குடும்பம், தனக்கென்று ஒரு லோயர் வைத்துக்கொள்ள மட்டும் தயங்குகிறது. “வாங்குறவங்க லோயரே பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டாரு” என்று அவர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். வாங்குபவரின் லோயர் வாங்குபவருக்காகத்தான் வேலை செய்வார். பணம் எத்தனை நாளில் வர வேண்டும், தாமதமானால் வட்டி எவ்வளவு, வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் யாருக்கு, பணம் முழுதும் வருமுன் சாவியைக் கேட்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் உங்கள் பக்கம் நின்று படித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த கட்டண ஆணைப்படி, 500,000 வெள்ளி வரையிலான விலைக்கு லோயர் கட்டணம் 1.25 சதவீதம். 250,000 வெள்ளி வீட்டுக்கு அது 3,125 வெள்ளி, சில்லறைச் செலவு தனி. ஏஜென்டுக்குக் கொடுப்பதில் பாதிகூட இல்லை. பாதுகாப்புக்குத்தான் பணம் செலவழிக்கிறோம் என்றால் அது செல்ல வேண்டிய இடம் இதுதான்.

பேப்பரைப் பற்றிய பயம் போக வேண்டுமானால் பேப்பரைப் படிக்க வேண்டும். கிராண்ட் கையில் இருந்தால் மேசை மேல் விரித்து வையுங்கள். பேங்கில் இருந்தால் நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி, சாரியான் என்று சொல்லப்படும் தேடல் நகலை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நிலத்தின் எண், பரப்பு. அதற்குக் கீழே நிலம் செலாமா-லாமாஞா, அதாவது நிரந்தரமா, இல்லை பஜாக்கான் எனப்படும் குத்தகையா, குத்தகையானால் எந்த ஆண்டு முடிகிறது என்று இருக்கும். அடுத்து ஷாராட் ஞாத்தா, நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை. அதன் பிறகு வருவதுதான் முக்கியம், செக்காத்தான் கெப்பெந்திங்கான். மாநில அரசின் அனுமதி இல்லாமல் பெயர் மாற்றக் கூடாது என்று அங்கே ஒரு வரி இருந்தால், விற்பனை முடிய மாதக்கணக்கில் கூடுதலாக ஆகும். ஒப்பந்தத்தில் நாள் எண்ணத் தொடங்குவதும் அந்த அனுமதி கிடைத்த பிறகாக இருக்க வேண்டும். கிந்தாவில் குத்தகை நிலங்கள் ஏராளமாக இருப்பதால் இந்த வரியைப் பார்க்காமல் யாரும் விலை பேசக் கூடாது. கடைசிப் பக்கங்களில் பேங்கின் அடமானப் பதிவும், யாராவது கேவியட் எனப்படும் தடைப் பதிவு போட்டிருந்தால் அதுவும் தெரியும். இந்த ஐந்தாறு இடங்களைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் உங்கள் வீட்டைப் பற்றி ஏஜென்டுக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு அதிகம் தெரியும்.

நம் குடும்பங்களில் வீட்டு விற்பனை சிக்கிக்கொள்கிற இடமும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது: உரிமையாளர் பெயர். அப்பா இறந்து பல ஆண்டாகியும் கிராண்ட் அவர் பெயரிலேயே இருக்கும். ஒரு மகன் சிங்கப்பூரில், ஒரு மகள் கிள்ளானில், வீட்டில் இருப்பது கடைசி மகன். அவர் ஏஜென்டைக் கூப்பிடுகிறார், ஏஜென்ட் ஆளைக் கொண்டுவருகிறார், முன்பணமும் கைமாறிய பிறகுதான் கையெழுத்துப் போட யாருக்கும் உரிமை இல்லை என்று தெரிகிறது. இதைத் தீர்க்க எந்த ஏஜென்டாலும் முடியாது. 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி நில அலுவலகத்தில் விண்ணப்பித்து, வாரிசுகள் எல்லாரும் விசாரணைக்கு வந்து, பெயர் மாறிய பிறகே விற்பனையைப் பற்றிப் பேச முடியும். அண்ணன் தம்பிகள் ஓர் இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டிய காரியம் அது.

நான்காவதாக, வாங்க வருகிறவரிடம் நமக்குப் பேசத் தெரியாது என்கிறார்கள். லகாட்டில் வீடு பார்க்க வருகிறவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு குடும்பம் வருகிறது. கணவர் அண்ணாந்து பார்த்து மேல்கூரைப் பலகையில் தண்ணீர்க் கறை தேடுகிறார். மனைவி நேராக அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்க்கிறார். மாமியார் சாமி மேடைக்கு எந்தப் பக்கம் என்று கேட்கிறார். பிறகு கேள்விகள் வரும். அடைமழையில் பின்பக்கக் கால்வாய் நிரம்பி வழியுமா? இது பழைய ஈயக்குட்டையை நிரப்பிய நிலமா, தரை இறங்குமா? பக்கத்து வீட்டில் யார்? பிள்ளைகளுக்குப் பள்ளி வண்டி வருமா? கூரையை எந்த வருஷம் மாற்றினீர்கள் என்றால் ரசீதை எடுத்துக் காட்ட உங்களால் முடியும். அங்கே இருபது ஆண்டு மழை பார்த்தவருடைய பதிலுக்கு இருக்கும் கனம், மூன்று ஊர்களில் முப்பது வீடுகளைக் கையில் வைத்திருக்கும் நிகோஷியேட்டரின் பதிலுக்கு இருக்காது.

கடினமான கேள்வி வந்தாலும் அதற்குப் பதில் சொல்லத் தகுதியுள்ளவர் வீட்டுக்காரர்தான். லகாட் என்றதும் வெளியூர்க்காரர்களில் சிலர் பக்கத்திலுள்ள புக்கிட் மேராவைப் பற்றிக் கேட்பார்கள். 1982இல் அங்கே தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்துக் கிராம மக்கள் வழக்குத் தொடுத்ததும், 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னதும், அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறியும் 1994இல் நிறுவனம் ஆலையை மூடிவிட்டதும் இந்த ஊரின் வரலாறு. கேட்பவரிடம் அதை மழுப்பாமல், உங்கள் வீடு அங்கிருந்து எவ்வளவு தூரம், ஆலை மூடி எத்தனை காலம் ஆயிற்று என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். உண்மையை நேராகச் சொல்கிற வீட்டுக்காரரை வாங்குபவர் நம்புவார். அந்த நம்பிக்கையை விலை கொடுத்து வாங்க முடியாது.

இத்தனைக்கும் பிறகும் ஏன் பயம் போக மறுக்கிறது? காரணம் பழையது. பத்து காஜா, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் நம் தாத்தாக்கள் குடியிருந்த லயத்து வீடுகள் அவர்களுக்குச் சொந்தமில்லை. வேலை போனால் வீடும் போகும். தோட்டத்தில் எந்தக் காரியமானாலும் கங்காணி வழியாகவும் கிராணி வழியாகவும்தான் நடந்தது. வேலைக்கு இறங்கிய ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று கங்காணி தலைக்காசு வாங்கினார். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி மறுபடி விற்றார்கள். அந்த வியாபாரத்தில் பால்மரம் வெட்டியவருக்குத் தகவல் வந்து சேர்ந்தது கடைசியில்தான். நிலம், விலை, பத்திரம் ஆகிய மூன்றும் நம் கைக்கு எட்டாதவை, நடுவில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் அங்கே விதைக்கப்பட்டது. இன்று சேமநிதிப் பணத்தையும் தோட்ட ஓய்வுத் தொகையையும் போட்டுத் தாமானில் வீடு வாங்கியவர்கள், தங்கள் பரம்பரையில் முதன்முதலாக ஒரு கிராண்டில் பெயர் எழுதியவர்கள். முதன்முதலாக ஒரு வீட்டை விற்கப் போகிறவர்களும் அவர்களோ அவர்களுடைய பிள்ளைகளோதான். தயக்கம் வருவது இயல்பு.

ஆனால் அதே வரலாற்றில் வேறொரு பாடமும் இருக்கிறது. தோட்டத் துண்டாடலுக்குப் பதிலாக, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பத்து வெள்ளி பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டிய தொழிலாளர்கள், 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைத் தங்கள் சங்கத்தின் பெயரில் வாங்கினார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நிலம் வாங்கலாம், நம் பெயரில் இருக்கலாம் என்று அவர்கள் நம்பினார்கள். தேவையான இடத்தில் லோயரையும் கணக்கரையும் வைத்துக்கொண்டார்கள். முடிவை மட்டும் தங்கள் கையை விட்டுப் போக விடவில்லை. ஒரு தோட்டத்தையே வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், இருபதுக்கு எழுபது அடி வீட்டை விற்கத் தெரியாது என்று ஒதுங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏஜென்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருந்துகொண்டு லகாட் வீட்டை விற்கிறீர்கள், வீட்டைத் திறந்து காட்ட ஆளில்லை என்றால், பதிவு பெற்ற நல்ல முகவர் தம் கட்டணத்துக்குத் தகுந்த வேலை செய்வார். வயதான தனித்த பெண்மணி, முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்குள் விட அஞ்சினால், துணைக்குப் பிள்ளைகளும் இல்லை என்றால், அவருக்கும் அப்படியே. ஒரு மாதத்துக்குள் வாங்குபவரைப் பிடித்தாக வேண்டும் என்ற கட்டாயத்தில் இருப்பவரும் ஏஜென்டிடம் போகலாம். அப்போதும் மூன்றைப் பாருங்கள்: பதிவு எண், 3 சதவீதத்துக்குக் கீழே பேசி எழுதிய கட்டணம், ஒப்பந்தத்தின் காலக்கெடு. அந்தக் காலத்துக்குள் நீங்களே ஆளைக் கண்டுபிடித்தாலும் கட்டணம் உண்டு என்று ஒரு வரி இருந்தால், கையெழுத்துப் போடுமுன் அதை எடுக்கச் சொல்லுங்கள்.

மற்றவர்கள் செய்ய வேண்டியது கடினமில்லை. முதலில் ஒரு லோயரைப் பார்த்து, கிராண்ட் நகலைக் காட்டி, விற்பனைக்குத் தடை ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நடந்த விற்பனைகளைப் பார்த்து விலையை முடிவு செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் வீட்டைப் படமெடுத்து, மூடா போன்ற தளத்திலும் ஃபேஸ்புக்கிலும் போடுங்கள். கோயில் வாட்ஸ்அப் குழுவில் சொல்லுங்கள். வாசலில் பலகை மாட்டுங்கள். நம் வட்டாரத்தில் வாங்க வருகிறவர்களில் பலர் அதே தாமானிலோ அடுத்த தாமானிலோ இருப்பவர்களின் உறவினர்கள். வந்தவர் விரும்பினால், பேங்கில் கடன் கிடைக்குமா என்று முதலில் பார்த்துவரச் சொல்லுங்கள். முன்பணம் 2, 3 சதவீதமானாலும், ஒப்பந்தத்தில் 10 சதவீதமானாலும், லோயரின் கணக்கில் இருக்கட்டும். அசல் கிராண்டை யார் கேட்டாலும் கையில் கொடுக்காதீர்கள். சாவியைப் பணம் முழுதும் வந்த பிறகு கொடுங்கள். மதிப்பீட்டு வரி, நில வரி, மின்சாரம், தண்ணீர்க் கட்டண ரசீதுகளை ஒரு கோப்பில் வைத்திருங்கள். ஏமாற்றுக்காரர்கள் நுழையும் வழிகளில் பெரும்பாலானவை இந்த நான்கைந்து ஒழுங்குகளிலேயே அடைபட்டுவிடும்.

வீட்டை விற்க நினைக்கும் லகாட் குடும்பங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். யாரிடமும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கு முன், முதல் இரண்டு மாதம் நீங்களே முயலுங்கள். நடக்கவில்லை என்றால் ஏஜென்டுகள் எங்கும் போய்விட மாட்டார்கள், மூன்றாம் மாதம் கூப்பிடலாம். நடந்துவிட்டால் அந்த 8,100 வெள்ளி உங்கள் பிள்ளையின் படிப்புக்கோ அடுத்த வீட்டின் முன்பணத்துக்கோ போய்ச் சேரும். உழைத்து வாங்கிய வீட்டின் விலையைச் சொல்கிற உரிமை அதில் வாழ்ந்தவருக்கே உண்டு. அந்த உரிமையைப் பயந்து விட்டுக்கொடுக்காதீர்கள்.